நிற்கத் தெரிந்த வண்டி

தெருவோரத்திற் புதிய மோட்டார் வண்டியொன்று நின்றால், அதனை ஒருமுறை சுற்றிப் பாராது அப்பாற் செல்ல இயலாதவர் சிலர் உளர். அக்கூட்டத்தில் நாமும் ஒருவர். யாழ்ப்பாணத்திற் கழிந்த இளமைப் பருவத்தில், ஒழுங்கை முனையிற் கேட்கும் எஞ்சின் ஓசையைக் கொண்டே வருவது மொரிஸ் மைனரா, ஒஸ்டினா என்று சொல்லிவிடுவோம். பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழத் தொடங்கியபோதும் அந்தப் பித்து நம்மை விட்டு நீங்கவில்லை.

உயர்ந்த உடலமைப்புடைய வண்டிகளையே மக்கள் விரும்பி வாங்கும் இந்நாளிலும், நமது உள்ளம் தாழ்ந்து நீண்ட சலூன் வண்டியையே நாடுகின்றது. வட அமெரிக்கர் அதனைச் செடான் என்பர். வட அமெரிக்காவிற் செடான் விற்பனையைப் பெரும்பாலும் கைவிடப் போவதாக 2018 ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் அறிவித்தபோது, நெருங்கிய உறவினர் ஊரைவிட்டுப் போவது போன்ற துயரம் நமக்குண்டாயிற்று. ஆகவே, நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் விசை செல்லும் புத்தம்புதிய செடான் ஒன்றை வாங்கிய நாளில் நாம் கொண்ட பெருமிதத்துக்கு எல்லையே இல்லை.

மாரி நெருங்கியது. “பனிக்கால ரயர் மாத்த வேண்டாமோ?” என்று மனைவியார் கேட்டார். “நாலு சில்லும் இழுக்கிற காருக்கு அது என்னத்துக்கு?” என்று நாம் விடையிறுத்தோம். முதல் வெண்பனி பெய்த நாளில் நமது சொல்லே மெய்யாயிற்று என எண்ணினோம். பிறருடைய வண்டிகள் சந்தியிற் சில்லுச் சுழன்று தவிக்க, நமது வண்டி மட்டும் வழுக்காது புறப்பட்டுச் சென்றது.

தை மாதத்துக் காலை ஒன்றில் அந்தப் பெருமிதம் அழிந்தது. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் ஒரு தெருவில் இறங்கிக்கொண்டிருந்தோம். வேகமுள் ஐம்பதைத் தாண்டவில்லை. கீழே சமிக்ஞை விளக்குச் சிவந்தது. தாயொருத்தி பாடசாலைப் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு வீதியிற் கால் வைத்தாள். நாம் பிறேக்கை மிதித்தோம். மிதிகட்டை காலின் கீழ்க் கடகடவென அதிர்ந்தது, வண்டியோ நிற்கவில்லை. ஓசையின்றி, அவசரமுமின்றி, அது வழுக்கிச் சென்றது. பிள்ளையின் புத்தகப் பையைப் பற்றித் தாய் பின்னுக்கு இழுத்தாள். அவர்கள் நிற்கவிருந்த இடத்தைக் கடந்து, சந்தியின் நடுவிலேதான் நமது வண்டி நின்றது.

ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. அத்தாய் நம்மை ஏசவுமில்லை. ஒருமுறை பார்த்தாள், அவ்வளவே. அந்தப் பை நீல நிறமானது என்பது இன்றும் நமக்கு நினைவிலுண்டு.

அன்று பிற்பகல், நமக்கு அறிமுகமான தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். வண்டியிற் பழுதிருக்கும் என்பது நமது எண்ணம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணை, கார் நல்லாத்தான் இருக்குது. நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிடத்தான் உதவும். நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லிலையும் பிறேக் இருக்குத்தானே!” என்றார். பல்லாண்டுகளாக வண்டிகளைப் பற்றிப் பேசியும் படித்தும் வந்த நமக்கு, இவ்வளவு எளிய உண்மை எட்டாமற் போனமை வெட்கத்தைத் தந்தது.

மாணவர்கள் அறிந்த கணக்கே இது. உலர்ந்த தார் வீதிக்கும் ரயருக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8, இறுகிய வெண்பனியில் அது 0.2, பனிக்கட்டியில் 0.1 அளவே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, சமதரையில் பிறேக் பிடித்தபின் உலர்ந்த வீதியில் 12 மீற்றர் தூரத்தில் நிற்குமாயின், வெண்பனியில் 49 மீற்றரும் பனிக்கட்டியில் 98 மீற்றரும் ஓடும். சரிவிலோ இன்னும் கூடும். வண்டியின் விலை இக்கணக்கில் எங்கும் வருவதில்லை. ஆயினும் இதே கணக்கில் ஆறுதலும் உண்டு. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் காற்பங்காகும். ஆதலால் வெண்பனியில் 25 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர், உலர்ந்த வீதியில் 50 கிலோமீற்றரிற் செல்பவரைப் போலவே 12 மீற்றரில் நின்றுவிடலாம். மழைநாளில் நுவரெலியா மலைவீதியில் இறங்குபவர்க்கும் இவ்விதி பொருந்தும்.

புதிய வண்டிகளின் கருவிகளை நாம் இகழவில்லை. சில்லுகள் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் மின்னணு பிறேக் முறை 1978 இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் வந்தது. மிதிகட்டை அன்று அதிர்ந்தது அதன் செயலே. பிறேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப அது வழிசெய்யும். வழுக்கும் தரையை உலர்ந்த தரையாக்கும் வல்லமை அதற்கில்லை. வண்டி பக்கவாட்டிற் சுழலாது காக்கும் முறை 1995 இல் வந்தது. 2011 செப்டெம்பரிலிருந்து கனடாவில் விற்கப்படும் புதிய கார்களில் அது கட்டாயமாயிற்று. அதனால் உயிர் தப்பியோர் பலர். ஆனால் இக்கருவிகள் யாவும், ரயர் வீதியைப் பற்றும் பிடியைப் பங்கிட்டுக் கொடுப்பனவேயன்றி, இல்லாத பிடியை உண்டாக்குவன அல்ல. முன்னே வருவதைக் கண்டு எச்சரிக்கும் கமராவும் ராடரும்கூட, வெண்பனி மூடிவிட்டாற் குருடாகிவிடும்.

பிடியைத் தருவது ரயர். இதனைப் பின்லாந்து மக்கள் முன்னரே உணர்ந்தனர்; உலகின் முதலாவது பனிக்கால ரயர் 1934 இல் அந்நாட்டிலேதான் செய்யப்பட்டது. சாதாரண ரயரின் இறப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்கும். பனிக்கால ரயரின் இறப்பரோ கடுங்குளிரிலும் மென்மை குன்றாது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள் வெண்பனியைக் கவ்வும். கியூபெக் மாகாணம் 2008 முதல் மாரியில் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. நாம் வாழும் ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை. ஆயினும் இவற்றைப் பூட்டியவர்க்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு வழங்கவேண்டுமென 2016 முதல் விதியுண்டு. அந்த வாரமே நாமும் நான்கு ரயர்களையும் மாற்றினோம். மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தகும்.

ரயரை மாற்றியது போலவே நமது பழக்கத்தையும் மாற்றினோம். புறப்படுமுன் கூரையிலுள்ள பனியையும் முழுதாகத் தட்டிவிடுகின்றோம். பிறேக்கை வளைவிலன்றி, வளைவுக்கு முன்னரே நேர்வழியில் மெல்ல மிதிக்கின்றோம். பின்சில்லு வழுக்கினால் அக்சிலறேட்டரிலிருந்து காலை எடுத்து, செல்லவேண்டிய திசையை நோக்கியே ஸ்டியரிங்கைத் திருப்புகின்றோம். பாலங்கள் ஏனைய வீதிக்கு முன்னரே உறைந்துவிடும் என்பதையும், ஈரம்போலத் தோன்றும் கரிய வீதி சிலவேளை கண்ணாடி போன்ற பனிக்கட்டியாக இருக்கும் என்பதையும் மறப்பதில்லை.

அந்தச் சரிவான தெருவில் இன்றும் நாம் செல்வதுண்டு. பனிநாளில் அதன் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவோம். பின்னால் வருவோர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிப்பர். அடிக்கட்டும். புதிய வண்டிகளைக் கண்டால் நமது நெஞ்சம் இன்னமும் துள்ளத்தான் செய்கின்றது. சுற்றிப் பார்க்கும் வழக்கத்தையும் நாம் விடவில்லை. ஆனால் முன்னர் நாம் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்பதே வழக்கம். இப்பொழுதோ, முதலிற் குனிந்து ரயரைப் பார்க்கின்றோம்.