சார்ஜ்: எந்தச் சுமை, யார் தலையில்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

மாலை வகுப்பில் இன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. ‘சார்ஜ்’ என்று மட்டும் பலகையில் எழுதி, சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தச் சொல் எங்கெல்லாம் காதில் விழுகிறது என்று கேட்டேன். போனில் சார்ஜ் இல்லை, பஸ் சார்ஜ், கரண்டு சார்ஜ், ஷிப்ட் இன்சார்ஜ், லத்தி சார்ஜ், சார்ஜ் ஷீட், ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்று பலகை நிறைந்துவிட்டது. பீகார்ப் பையன்கள் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியைச் சொன்னார்கள். எல்லோரும் முடிக்கும்வரை பொறுத்திருந்த உருக்காலை அண்ணன், “அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், ஃபர்னஸ்ல சார்ஜ் போடறத விட்டுட்டீங்களே” என்றார்.

தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் ஒரே கொட்டகையில் வேலை பார்க்கும் ஊர் கும்மிடிப்பூண்டி. அவர்களுக்குள் பொதுவாக ஓடுவது கொஞ்சம் ஆங்கிலச் சொற்கள்தாம். அவற்றையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்த வகுப்பையே தொடங்கினேன். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒடியாத் தம்பி இன்று ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உருக்காலை அண்ணன் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். வகுப்புக்கு நேரமிருந்ததால் அவரைப் பேசவிட்டேன். மூசைக்குள் போடுகிற பழைய இரும்பு, ஸ்பாஞ்ச் அயர்ன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சார்ஜ்’ என்று பெயர். போடுகிற வேலைக்கும் அதே பெயர். மூசையைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் பாய, உள்ளே கிடக்கும் இரும்பு தானே சூடாகி உருகுகிறது. சுருளைக் குளிரவைக்க அதன் குழாய்க்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். வார்க்கும்போது இன்னும் அதிகம்.

“சார்ஜ் போடறவனுக்குக் கண்ணு முக்கியம் டீச்சர். மூடின சிலிண்டர், வண்டியோட ஷாக் அப்சார்பர், மழையில நனைஞ்ச ஸ்கிராப் எதுவும் உள்ள போகக்கூடாது” என்றார். காரணம் கேட்டேன். உருகிய இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகும். ஆவியான நீர் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வழி இல்லாத இடத்தில் அது இரும்புக் குழம்பையே மேலே தூக்கி அடித்துவிடும். மூடின உருளைக்குள் இருக்கும் காற்றும் எண்ணெயும் அப்படித்தான். இன்னொன்றும் சொன்னார். மேலே போட்ட சார்ஜ் இறங்காமல் பாலம் போல மாட்டிக்கொண்டால், கீழே இருக்கும் குழம்பு கண்ணுக்குத் தெரியாமல் அளவு மீறிக் காய்ந்துகொண்டே போகும். ‘பிரிட்ஜ் ஆயிடுச்சு’ என்று ஒருவர் கத்தினால் எல்லோருக்கும் அது புரிந்தாக வேண்டும்.

ஆங்கில இலக்கண நூல் எதிலும் ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் படித்ததில்லை. அதை அவர் வாயாலேயே வகுப்புக்குத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஆரம்பாக்கத்துப் பெண் அதைத் தெலுங்கில் சொன்னாள். பீகார்ப் பையன் ஒருவன் இந்தியில் சொன்னான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வகுப்பு கலைந்த பிறகு ஒடியாத் தம்பி ஒரு கடிதத்தைக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. தலைப்பில் ‘சார்ஜ் மெமோ’ என்று இருந்தது. லைன் இன்சார்ஜ் ஆக்குகிறோம் என்று சூப்பர்வைசர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அந்த ‘சார்ஜ்’தான் காகிதத்தில் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டான். வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

நான் முழுதும் படித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவன், சொன்ன தேதியில் திரும்பவில்லை. அனுமதி இல்லாமல் வேலைக்கு வராதது குற்றம், 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் மேல் நடவடிக்கை என்று ஆங்கிலத்தில் இருந்தது. நேற்றுக் காலையே கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ‘ஆரோப்’ என்ற இந்திச் சொல்லைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிலையாணைச் சட்டம் 1946-இல் வந்தது. ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியிலும், அவர்கள் நுழையும் வாசலருகே ஒட்டிவைக்க வேண்டும் என்கிறது அது. பொதுவான விதிக்கே இந்த மரியாதை உண்டென்றால், ஒருவனைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் காகிதம் அவன் மொழியில் வர வேண்டாமா? இந்தக் கோபம் எனக்கு ராத்திரி முழுக்க அடங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பொழுது விடிந்ததும் தம்பி வந்துவிட்டான். நடந்ததை அவன் ஒடியா கலந்த இந்தியில் சொன்னான், நான் எழுதினேன். அம்மா இருந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு அவன் போனில் படமாக இருந்தது, நல்லவேளை. அதை அச்செடுத்துச் சேர்த்தோம். இனிவரும் கடிதங்கள் புரிகிற மொழியில் வேண்டும் என்று கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறேன். நகலில் கையெழுத்தும் நேரமும் வாங்காமல் வராதே என்று சொல்லி அனுப்பினேன். கெடு முடிவதற்குள் வாங்கி வந்துவிட்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடி ஞாயிறு. பெரியபாளையத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம் வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாக நிரம்பி வழிந்தன. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அக்கா மகன் கப்பலில் மின்பொறியாளன். அவனுடைய சீஃப் இன்ஜினியர் கிரேக்கர், கியோஸ் தீவுக்காரர். அந்த மனிதர் ‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு நேராகத் தம் குறிப்பேட்டில் கிரேக்கச் சொற்களை ஒரு வரிசையாக எழுதி வைத்திருக்கிறாராம். நான் கேட்டதற்காக அதை வாங்கி, குரல்பதிவில் வாசித்து அனுப்பியிருந்தான். பேட்டரிக்கு ‘ஃபோர்தீஸோ’. சரக்குக்கும் மின்னூட்டத்துக்கும் ஒரே சொல், ‘ஃபோர்தியோ’. காசு வசூலிக்க ‘ஹ்ரெயோனோ’, கடன் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பொறுப்பில் இருப்பவர் ‘இபெஃப்தினோஸ்’. குற்றம் சாட்ட ‘கத்திகோரோ’. ஊர்ச்சபையில் ஒருவருக்கு எதிராகப் பேசுவது என்பது இந்தக் கடைசிச் சொல்லின் வேர். அரிஸ்டாட்டில் இதையே வகைப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள, ஆங்கிலத்தின் ‘கேட்டகரி’ அங்கிருந்து வந்தது. ஐந்து இடத்துக்கு ஐந்து சொல் வைத்திருக்கிற கிரேக்கருக்கு ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் திகைப்பாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் ஏன் எல்லாம் ஒன்றாயிற்று என்று அகராதியில் தேடினேன். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவது பிரெஞ்சில் ‘ஷார்ழே’ ஆகி, ஆங்கிலத்துக்கு ‘சார்ஜ்’ என்று வந்தது. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவதும், உலையில் இரும்பு ஏற்றுவதும், ஒருவர் மேல் பொறுப்பையோ விலையையோ பழியையோ ஏற்றுவதும் அந்த ஒரே வேலை.

நமக்கு இது புதிதா என்ன? குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பையும் சுமத்துகிறோம். பொறுப்பு என்பதே பொறுத்தல், தாங்குதல். தம்பிக்கு நான் சொன்ன ‘ஆரோப்’ வடமொழியில் மேலே ஏற்றிவைப்பது. ஆரம்பாக்கத்துப் பெண்ணின் தெலுங்கில் அதுவே ‘ஆரோபண’. எங்கள் வகுப்புக்கு இந்தச் சொல்லின் உள்ளே நுழைய வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. நான்தான் அந்த வழியாக அழைத்துப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று பொருள் பட்டியல் எதுவும் தரவில்லை. ‘எதை, யார் மேல் ஏற்றுகிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் ‘சார்ஜ்’ செய்தால் விலை, பின்னால் ‘ஃபார்’ வரும். போலீசோ நிர்வாகமோ செய்தால் குற்றம், பின்னால் ‘வித்’ வரும். ‘இன் சார்ஜ் ஆஃப் த கிரேன்’ என்றால் கிரேனுக்கு அவர் பொறுப்பு. நடுவே ஒரு ‘த’ நுழைந்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ ஆனால் தலைகீழ்: இவர் இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறார். இந்தச் சின்ன ‘த’வில் அரை மணி நேரம் போனது, போகட்டும். ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ மட்டும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்கள் 2021 முதல் அப்படித்தானே போகிறோம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை கை தூக்கினாள். “எங்கட அம்மம்மா மின்னேற்றம் எண்டுதான் சொல்லுவா, மிஸ்” என்றாள். இலங்கைப் பாடநூலில் அதுதான் சொல். நம் பாடநூலில் மின்னூட்டம். ஊட்டுவதைவிட ஏற்றுவது இந்தச் சொல்லின் வேருக்கு நெருக்கம். அவள் சொன்னதையே பலகையில் பெரிதாக எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பிக்கு அடுத்த கடிதம் வந்திருக்கிறது. உள்விசாரணை வைக்கிறார்கள். இந்த முறை ஆங்கிலத்தோடு இந்தியிலும் ஒரு பக்கம் இணைத்திருக்கிறார்கள். கேட்டதற்குப் பலன் இருக்கிறது. ஒடியா இல்லை. அதையும் கேட்போம்.

உடன் வேலை செய்கிறவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொன்னேன். அடுத்த ஆலையில் வேலை பார்க்கும் உருக்காலை அண்ணன் துணை வர முடியாது. அவனுடைய லைனிலேயே ஒரு ஸ்ரீகாகுளத்துக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாலை முழுக்க இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பழக்கினேன். குற்றச்சாட்டை இந்தியில் படித்துக் காட்டுங்கள் என்று கேட்பது, வராத நாட்களை ஒப்புக்கொள்வது, காரணத்தைச் சொல்வது, ஆதாரத்தை நீட்டுவது. புரியாத எதிலும் கையெழுத்துப் போடாமல் ‘படித்துச் சொல்லுங்கள்’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அதற்குள் டிஸ்சார்ஜ் சீட்டின் அசல் கூரியரில் வந்துவிடும் என்கிறான்.