பனி கொட்டிய திங்கட்கிழமை

தமிழில் 'பனி' என்னும் சொல்லுக்கு ஒரு மென்மை உண்டு. புல் நுனியில் துளியாய் நிற்பது பனி. மார்கழி விடியலில் கூரையிலிருந்து சொட்டுவதும் பனி. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். ஆனால் அவர்கள் கண்ட பனி வேறு. கனடாவின் டொரோண்டோ மாநகரில் தைத் திங்களில் வானிலிருந்து கொட்டுவது வேறு. அங்குக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர் பலர் அதனைப் பனி என்று சொல்வதில்லை; 'சினோ கொட்டுது' என்கின்றனர். மொழித்தூய்மையில் நாட்டமுள்ளோர் இதைக் கேட்டு வருந்தக்கூடும். முழங்கால் அளவு வெள்ளைக் குவியலில் காலைப் புதைத்தும் பிடுங்கியும் நடப்பவருக்குப் புல் நுனித் துளியின் பெயர் வாயில் வராதது இயல்பே.

2022-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள், திங்கட்கிழமை. தைப்பொங்கல் கழிந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், அடுக்குமாடி வீடொன்றில் அந்த அம்மையார் நான்கு மணிக்கே விழித்துக்கொண்டார். விளக்கு ஏற்றாமலேயே அறை வெளுத்திருந்தது. பனி பெய்யும் இரவுக்கு அப்படி ஓர் ஒளி உண்டு. தெருவிளக்கின் வெளிச்சம் தரையில் பட்டு மேலெழும்பி வானத்தையே வெளிறச் செய்துவிடும். ஓசையும் அடங்கிவிடும். பல்லாண்டுகளாக அந்நாட்டில் வாழ்பவர் சன்னலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒளியும் அமைதியுமே செய்தியைச் சொல்லிவிடும்.

அவர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணியாளர். படுக்கையிலிருந்து எழ இயலாதவரைத் தூக்கி அமர்த்துவதும், குளிப்பாட்டுவதும், உடை மாற்றுவதும், ஊட்டுவதும் அவருடைய தொழில். காலை ஏழு மணிக்கு அவர் பொறுப்பேற்றால்தான், இரவு பதினொன்றிலிருந்து விழித்திருப்பவர் வீடு திரும்பலாம்.

"இண்டைக்குப் போகாமல் விடுமன். ரோட்டெல்லாம் மூடிக்கிடக்கு," என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்து.

"பிறகு அங்கை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார் அம்மையார். கணவர் மறுமொழி சொல்லவில்லை. அவர் முன்பு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். அக்கேள்விக்கு விடை கிடையாது என்பதை அறிந்தவர்.

அது கொரோனாத் தொற்று மறுபடியும் பெருகியிருந்த காலம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளை வீட்டிலிருந்தே செய்ய வேண்டுமென்று ஒண்டாரியோ மாநில அரசு அம்மாதத் தொடக்கத்தில் ஆணையிட்டிருந்தது. பள்ளிகள் நேர்முக வகுப்புக்காக மீண்டும் திறப்பதாய் இருந்ததும் அந்தத் திங்கட்கிழமையன்றுதான். கிருமியால் மூடியவற்றைத் திறக்கவொட்டாமல் பனி வந்து மூடியது. அம்மையாரின் மகனுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆகவே, அன்று காலை தெருவில் இறங்கியோர் யார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கணக்கு எழுதுவோரும் கணினி இயக்குவோரும் தத்தம் வீட்டு மேசையிலேயே அமர்ந்தனர். நோயாளியைத் தூக்கும் கையையும், தரையைத் துடைக்கும் கையையும், அடுப்பில் ரொட்டி சுடும் கையையும் மட்டும் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்ப முடியவில்லை.

பனிநாளில் வேலைக்குப் புறப்படுவது உடுப்பிலேயே ஒரு பாதி உழைப்பு. உடலை ஒட்டிய பஞ்சாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே முழங்கால் வரை தொங்கும் தடித்த மேலங்கி. காலில் இரண்டு சோடிக் காலுறை, பிறகு சப்பாத்து. சாலையில் தூவும் உப்பு அச்சப்பாத்தில் வெள்ளைக் கோடாய்ப் படிந்து, எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி முளைக்கும். உள்ளே அணிய வேறொரு காலணி பைக்குள் கிடக்கும். இத்தனையும் பூட்டி முடிக்கும்போது வீட்டிற்குள் வியர்க்கும். அந்த வியர்வையே வெளியில் சென்றதும் குளிரும். ஊரிலிருந்து வந்த முதற் குளிர்காலத்தில், வாசற் பனியில் நின்று சிரித்தபடி எடுத்த நிழற்படத்தை அவர் தாயாருக்கு அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் அப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அவரைத் திரைப்படத்துக்குள் போய்விட்டவராகவே கருதினராம். பிந்திய ஆண்டுகளில் அவர் அத்தகைய படம் எதையும் அனுப்பவில்லை.

ஐந்தரை மணிக்குத் தெருவில் கணுக்கால் மறையும் பனி. பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் மூச்சு இரைத்தது. அங்கு நின்றுகொண்டிருந்தபோது பனிவாரி ஊர்தி ஒன்று மஞ்சள் விளக்குச் சுழலப் பெருஞ்சாலையில் விரைந்து சென்றது. சாலை திறந்தது. ஆனால் சாலையில் கிடந்தது அத்தனையும் ஓரமாய் ஒதுங்கி, நிறுத்தத்தின் முன்னே மதில்போல் குவிந்தது. பேருந்து வந்தால் அம்மதிலின்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும்.

இதனை ஓட்டுநரின் குற்றம் என்று கொள்வது தவறு. வாரிய பனி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அது எங்கே போய் விழுகிறது, எந்த வழி முதலில் திறக்கப்படுகிறது என்பவைதாம் கேள்விகள். டொரோண்டோவில் விரைவுச்சாலைகளில் 2.5 சென்டிமீட்டர் பனி படிந்தாலே வாரத் தொடங்குவர். குடியிருப்புத் தெருக்களுக்கு 8 சென்டிமீட்டர் வரை காத்திருக்க வேண்டும். மோட்டார் வண்டிக்கு முதலிடம் என்னும் இவ்வழக்கம் அந்நகருக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டின் கார்ல்ஸ்கூகா என்னும் சிற்றூர் சென்ற பத்தாண்டுகளின் தொடக்கத்தில் இதைத் திருப்பிப் பார்த்தது. பனியில் வழுக்கி விழுந்து அடிபடுவோர் பெரும்பாலும் நடந்து செல்வோர், அவர்களுள்ளும் பெண்களே மிகுதி என்பது அந்நாட்டில் தெரிந்திருந்தது. அதனால் நடைபாதைகளையும், மிதிவண்டிப் பாதைகளையும், குழந்தைக் காப்பகங்களுக்குச் செல்லும் வழிகளையும் முதலில் வாரினார்கள். சில அங்குலப் பனியில் மோட்டார் வண்டி உருண்டு போய்விடும். குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாயால் அது முடியாது. இவ்வளவு எளிய கணக்கு நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. கணக்குப் போட்டவர்கள் வண்டியில் போனவர்கள்.

பேருந்து நாற்பது நிமிடம் கழித்து வந்தது. உள்ளே இருபது பேர் இருக்கலாம். முகக் கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைக் கொண்டே பலரை அம்மையார் அடையாளம் கண்டார். விடியற்பேருந்தில் செல்வோர் ஒருவரையொருவர் பெயர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் அறிவர். மருத்துவமனையில் துப்புரவு செய்யும் பிலிப்பினோப் பெண், கிடங்கில் பெட்டி அடுக்கும் பஞ்சாபி இளைஞர், காப்பிக் கடையைத் திறக்க வேண்டிய கரீபியத் தீவுக் கிழவர். எவரும் பேசவில்லை. நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டனர்.

பனி அடர்ந்தது. சிறியதொரு மேட்டில் ஏறும்போது பேருந்தின் பின்சக்கரங்கள் சுழன்றன, ஏறவில்லை. முன்னால் இன்னொரு பேருந்து குறுக்கே திரும்பி நின்றது. ஓட்டுநர் இருமுறை முயன்றுவிட்டு, இறங்க விரும்புவோர் இறங்கலாம் என்று கதவைத் திறந்தார். அன்று அந்நகரில் அவ்வாறு சிக்கிய பேருந்துகள் 500-க்கும் மேல். இரண்டு பெரிய விரைவுச்சாலைகளே மூடப்பட்டன. சில பகுதிகளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டியது. 1999-ஆம் ஆண்டு சனவரியில் இத்தகைய பனிக்காக நகரத் தலைவர் இராணுவத்தையே அழைத்ததும், நாட்டின் பிற பகுதியினர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் பழைய கதை. சிரித்தவர்களுக்கு அன்று காலை ஏழு மணிக்கு எங்கும் போக வேண்டியிருந்திருக்காது.

அம்மையார் இறங்கி நின்று தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இரவு முழுவதும் விழித்திருந்தவர், அவரும் தமிழ்ப் பெண்தான், வயதில் இளையவர்.

"அக்கா, அவசரப்படாதையுங்கோ. மெல்ல வாங்கோ. நான் நிக்கிறன்."

அக்குரலில் உறக்கம் கனத்திருந்தது. தொற்றினால் பலர் விடுப்பில் இருக்க, ஒருவர் செய்யும் வேலையை இருவருக்கும் மூவருக்கும் செய்துகொண்டிருந்த நாள்கள் அவை. மெல்ல வரச் சொன்ன சொல்லே அம்மையாரை விரைந்து நடக்கவைத்தது.

மூன்று கிலோமீட்டர் இருக்கும். நடைபாதை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லை. வண்டிச் சக்கரம் பதிந்த தடத்தில் காலை வைத்துச் சாலையிலேயே நடந்தார். பின்னால் விளக்கொளி தெரியும்போதெல்லாம் ஓரக் குவியலில் ஏறி ஒதுங்கினார். இருமுறை விழுந்தார். முதல்முறை சுற்றும் முற்றும் பார்த்தார், எவரேனும் கண்டிருப்பாரோ என்னும் கூச்சத்தால். இரண்டாம் முறை அந்த நினைவே வரவில்லை. மணிக்கட்டை அசைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அந்தக் கை இல்லாமல் யாரையும் தூக்க முடியாதே!

நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்தத் துன்பத்தைக் கண்டு வளர்ந்தோர் இங்குப் பலர். எனினும் மரம் மறுநாள் வரை பொறுத்திருக்கும். மேனியைத் தானாகப் புரட்டிக்கொள்ள இயலாத எண்பது வயதுக் கிழவி பொறுத்திருக்க மாட்டாள். மழையும் பனியும் நிறுத்திவிடக்கூடிய வேலை ஒரு வகை. நிறுத்தவே கூடாத வேலை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை வேலையைச் செய்வோருக்கு உலகம் கொடுக்கும் சம்பளத்தையும், அவர்கள் நடக்கும் பாதையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்பதே முக்காலுக்கு அம்மையார் இல்லத்தை அடைந்தார். இளையவள் எதுவும் சொல்லாமல் அவருடைய மேலங்கியை வாங்கி உதறினாள். காலைக் கஞ்சியை ஏழு பேருக்கு ஊட்டியாயிற்று, இன்னும் நால்வர் என்று கணக்குச் சொன்னாள். அதற்குப் பிறகும் அவள் வீட்டிற்குப் போகவில்லை, போக வழியில்லை. ஓய்வறை நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டாள். அம்மையார் தம் கையுறைகளை வெப்பமூட்டியின்மேல் பரப்பிவைத்துவிட்டு, எஞ்சிய நால்வரில் முதல்வரிடம் சென்றார். அந்தக் கிழவி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மையார் திரும்பிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு மாலைப் பொறுப்புக்கு வரவேண்டியவர் அழைத்தார். பேருந்து இன்னும் வரவில்லையாம், நடக்கத் தொடங்கியிருக்கிறாராம். அவசரப்பட வேண்டாம், மெல்ல வந்தால் போதும் என்று அம்மையார் சொன்னார். பிறகு கையுறைகளைத் தொட்டுப் பார்த்தார். அவை இன்னும் காயவில்லை; மறுபுறம் திருப்பி வைத்தார்.