இருக்கையும் அடிப்பலகையும்

'இரு' என்னும் வினையடி தமிழில் உட்கார்தலையும் குறிக்கும், உளதாதலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அமைந்த பொருத்தத்தைச் சென்ற கோடை விடுமுறையில், பழைய படகொன்றின் இருக்கைகளைச் செப்பனிட்ட இடத்தே யான் உணர்ந்தேன்.

இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவை எங்கள் ஊர். ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என்று இப்பக்கத்தில் எங்கு நோக்கினும் தோற்றொழிலே. என் தாய்மாமனும் பல்லாண்டு காலணிக்கு மேல்தோல் தைத்து, பின் ஊர் திரும்பி, வண்டி இருக்கைகள் தைத்துப் பிழைப்பவர். தோலுக்கும் படகுக்கும் உறவு புதிதன்று. காவிரியில் மிதக்கும் மூங்கிற் பரிசலுக்கு முன்னாளில் தோலே போர்வை; பிற்காலத்தே ஒகேனக்கல்லில் நெகிழித்தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றன.

ஏரியொன்றில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் பெரியவர் ஒருவர் தம் துடுப்புப் படகைச் செப்பனிட மாமாவை அழைத்தார். துணைக்கு யானும் சென்றேன். படகில் நான்கு மெத்தை இருக்கைகள். நான்கின் உறையும் வெடித்திருந்தன.

"மேலுறையை மட்டும் மாற்றிக்கொடு தம்பி. அதற்குத்தான் கையில் பணம்" என்றார் பெரியவர்.

தோலால் தைக்கலாகாதா என்று மாமாவை வினவினேன். "நனைந்து நனைந்து காயும் தோல் விறைத்துப்போகும், பூஞ்சணமும் பிடிக்கும். இதற்கு ரெக்சின்தான் ஏற்றது. பருத்தி நூலும் இற்றுவிடும், நைலான் நூல் வேண்டும்" என்றார்.

உறையைப் பிரித்தோம். நுரைப்பஞ்சு நீரைக் குடித்துக் கனத்திருந்தது. அதன்கீழிருந்த ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்து, மாமாவின் கட்டைவிரல் அழுத்தத்திற்கே குழிந்தது. திருகாணிகள் துருவாய் உதிர்ந்தன.

"ஐயா, இதன்மேல் புதுவுறை போட்டால், பார்க்கிற பிள்ளை நம்பி ஏறி நிற்கும். அந்த நம்பிக்கையைத் தைத்துக்கொடுக்க என்னால் ஆகாது" என்றார் மாமா.

பெரியவர் முகம் வாடிற்று. மாமாவுக்கும் அவ்வாரம் வேறு வேலையில்லை என்பதை யான் அறிவேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் மாமாவே ஒரு வழி கூறினார்: நான்கு உறைக்கு வைத்த பணத்தில் இரண்டு இருக்கைகளை அடியிலிருந்து செம்மையாகச் செய்வது, மற்ற இரண்டையும் கழற்றிவிடுவது. படகில் ஆள் குறையும், வருவாயும் குறையும். ஆயினும் பெரியவர் இசைந்தார்.

பழைய பலகையை அச்சாக வைத்து, நீர்தாங்கும் புதிய ஒட்டுப்பலகையை அறுத்தோம். நீர் முதலில் புகுவது அறுத்த ஓரத்தின் வழியே ஆதலால், ஓரங்களுக்கு வார்னிஷை மும்முறை பூசினோம். தேங்கிய நீர் வடியத் துளைகள் இட்டோம். துருப்பிடியாத எஃகுத் திருகாணிகளையே முடுக்கினோம். உறையை நடுவிலிருந்து மூலைநோக்கி இழுத்து அடித்தார் மாமா. வேலை முடிந்தபின் வெளியே தெரிந்தது உறை ஒன்றே. எங்கள் உழைப்பிற் பெரும்பகுதி அதன்கீழ் மறைந்தது.

கலிலேயாக் கடலின் நீர் வறட்சியால் வற்றிய 1986-ஆம் ஆண்டில், அதன் கரைச்சேற்றினின்று ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய படகொன்று வெளிப்பட்டது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மிகும். அதில் பன்னிரண்டு வகை மரங்கள் காணப்பட்டன. மீண்டும் மீண்டும் செப்பனிட்ட அடையாளங்களும் உள. நம் ஆண்டவர் காலத்தை ஒட்டிய அப்படகின் தச்சர், கிடைத்த மரத்தைக் கொண்டே அதனை நெடுநாள் நீரில் நிறுத்தினர். ஒட்டுப்போடுதல் அவர்க்கு இழிவாகவில்லை.

ஒட்டு வேறு, மறைப்பு வேறு. முன்னது பாரத்தைத் தாங்கும். பின்னது பார்வையை மட்டும் தாங்கும். தேர்வு நெருங்குங்கால் உரைநூற் குறிப்புகளை மேலே போர்த்துக்கொண்டு மூலநூலைத் தொடாது விடும் மாணாக்கராகிய நமக்கும் இவ்வேறுபாடு பயன்படும். நான்கு நூல்களுக்கு உறையிடுதலினும் இரண்டனுக்கு அடிப்பலகை இடுதல் நன்று. பிறர் நம்மை நம்பி அமரும் நாள் தொலைவில் இல்லை.