படமெடுக்காத பாம்பைப் படமெடுப்பவர்கள்

போடிநாயக்கனூரின் மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து, முந்தலில் தொடங்கும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அடிவாரத்து வெயில் அங்கே மூடுபனியாக மாறிவிடுகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை வரை மர நிழலில் ஏலத்தோட்டங்கள். தினமும் விடியலில் போடியிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இங்கே வருகின்றன. மழைக்காலத்தில் கேமராவுடன் வெளியூர் இளைஞர்களும் வருகிறார்கள்.

அவர்கள் தேடுவது குழிவிரியனை. இது நல்லபாம்பு போல படமெடுக்காது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள சிறு குழியால் இரையின் உடல் சூட்டை உணரும். மலபார் குழிவிரியன் பச்சை, பழுப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் காணப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. தவளை, ஓணான், எலி வரும் வழியில் அசையாமல் காத்திருந்து பிடிப்பது இதன் வழக்கம். ஒரே கிளையில் நாள்கணக்கில் கிடப்பதும் உண்டு. அதனால்தான் படம் எடுக்க எளிதாகக் கிடைக்கிறது.

சிக்கலும் அதில்தான். இலை மறைக்கிறது, வெளிச்சம் போதவில்லை என்று கம்பியால் பாம்பைத் தூக்கி, பாசி படர்ந்த அழகான கிளையில் வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். இடம் மாறி, சீண்டப்பட்ட பாம்பு தோட்டத்திலேயே இருக்கும்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி, தரையை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுக்கும் பெண்கள் குனிந்து, சருகுக்குள் கையை விட்டுத்தான் பறிக்க வேண்டும். மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய சிறிய குழிவிரியன் கிடப்பதும் இப்படிப்பட்ட ஈரச் சருகில்தான். அதன் கடியால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கேரளத்தில் உண்டு. நம் நாட்டு நச்சுமுறிவு மருந்தோ நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் கடிக்கு அதை நம்ப முடியாது.

ஆகவே, பாம்பு இருக்கும் இடத்திலேயே, இருக்கும் நிலையிலேயே எடுப்பதுதான் நல்ல படம். தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ், முழங்கால் வரை பூட்ஸ், டார்ச், தோட்டக்காரரின் சம்மதம், காட்டுப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி ஆகியவை கட்டாயம். தொட்டுத் தூக்குவதும் இலையை ஒடிப்பதும் கூடாது. அனுமதியின்றிப் பாம்பைப் பிடிப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றமும்கூட.

விவசாயிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பாம்பு கடித்த இடத்தில் யாராவது எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால், எந்தப் பாம்பு என்று மருத்துவர் அறிய அது உதவும். அதற்காகப் பாம்பைத் துரத்தவோ அடிக்கவோ வேண்டாம். படம் கிடைக்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கட்டுப் போடாமல், கீறாமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேமராக்காரர்களுக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் உரிமையாளர்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம். எந்த வரிசையில், எந்தத் தூரில் பாம்பைப் பார்த்தார்கள் என்பதைக் கிளம்பும் முன் கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். மறுநாள் அந்தத் தூரில் கை வைக்கப்போகிறவருக்கு, அந்தத் தகவல் படத்தைவிடப் பெரிது.