பாரதி மகாகவியா?



நம் பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்துப் புதுச்சேரியில்தான் பாரதி 1908 முதல் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் மறைந்த பிறகு, 1935 வாக்கில், அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு பெரிய விவாதம் நடந்தது.

வ.ரா. அவரை மகாகவி என்றார். நல்ல கவிதான், ஆனால் மகாகவி இல்லை என்று கல்கி மறுத்தார். கு.ப.ரா.வும் சிட்டியும் பாரதியின் பாட்டுகளையே சான்றாக வைத்துப் பதில் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் 1937-இல் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின.

வார்த்தைகளில் சூடு இருந்தது. ஆனாலும் பதில் சொல்ல அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எதிராளி எழுதியதை இரண்டு தடவை படித்துவிடலாம்.

பின்னாளில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டியவர் யார் தெரியுமா? அதே கல்கிதான்! 1947 அக்டோபரில் திறந்தார்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசி, கோபித்துக்கொண்டு இருவர் வெளியேறிவிட்டீர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நீங்கள். கருத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம், திரும்பி வாருங்கள். ஒரு நாள் பொறுத்து, மற்றவர் எழுதியதை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.