அப்பா சாரம் கட்டியிருக்கவில்லை

2022 ஏப்ரல் மாதம் 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4 மணி. அதுதான் எனக்குத் தரப்பட்டிருந்த கடைசி நேரம். அதற்குப் பிறகு கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள்.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்தேன். இறுதி ஆண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். நான் அசைவூட்டப் படம் செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மாவின் சொல்லில் சொன்னால் 'காட்டூன்'. நடிகர்கள் தேவையில்லை, வாகனம் தேவையில்லை, ஒரு மேசையும் ஒரு கமெராவும் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் அதைத் தெரிவு செய்தேன். பணச் செலவு குறைவுதான். அது விழுங்கும் நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அசைவூட்டப் படத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி 12 படங்களோடு சமாளிக்கலாம். எனது படம் 90 விநாடி. ஆகவே 1080 படங்கள். கை, கால், தலை என்று தனித்தனியாக வெட்டிய உருவத்தை மேசையில் கிடத்தி, மேலேயிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு காலை ஒரு நெல்மணி அளவுக்கு நகர்த்தி அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 18 மணித்தியாலம். எடுத்ததில் பிழை வந்தால் அது வேறு.

வகுப்பில் எங்களுக்கு 1926இல் வெளிவந்த ஒரு பழைய படத்தைக் காட்டினார்கள். லொட்டே ரைனிகர் என்ற ஜேர்மன் பெண் கத்தரிக்கோலால் கறுப்பு அட்டையை வெட்டி உருவங்கள் செய்து, அவற்றைக் கண்ணாடி மேசையில் வைத்துக் கீழேயிருந்து வெளிச்சம் பாய்ச்சி எடுத்த முழுநீளப் படம் அது. மூன்று வருடம் வேலை செய்திருக்கிறார். பிறகு ஹிட்லரின் ஆட்சி பிடிக்காமல் நாட்டை விட்டு வெளியேறி, நிரந்தர விசா எங்கும் கிடைக்காமல் நாடு நாடாக அலைந்து, யுத்தத்தின் நடுவில் நோயாளித் தாயைப் பார்ப்பதற்காக பேர்லினுக்கே திரும்பி வந்தவர். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்டுத்துணிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அம்மா தையல் வேலை செய்கிறார். மூலையில் எப்போதும் ஒரு உரப்பை நிறைய வெட்டுத்துணி கிடக்கும்.

அந்த நாட்களில் கடதாசி விலையை நினைத்தாலும் துணிதான் சரி. 2022 மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே கடதாசி இல்லை என்று ஒத்திவைத்தார்கள். நான் பழைய கலியாண அட்டைகளைப் பொறுக்கி, கஞ்சிப் பசை பூசித் துணியை ஒட்டினேன். முழங்கால், முழங்கை மூட்டுகளை நூலால் முடிச்சுப் போட்டேன்.

படத்தின் கதை எங்கள் தையல் மெசினின் கதை. 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது இரும்புக் காலை வீட்டில் விட்டுவிட்டு, மெசினின் தலைப்பகுதியை மட்டும் உரப்பையில் சுற்றி அப்பா சைக்கிள் கரியரில் கட்டினார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று அது எங்களோடு வந்தது. இரணைப்பாலையில் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டோம். 2010இல் மீள்குடியேறியபோது வீடு இல்லை. ஆனால் இரும்புக் கால் துருப்பிடித்துக் காணிக்குள் கிடந்தது. இன்றைக்கு அம்மா மிதிக்கும் கால் அதுதான். தலை மட்டும் புதிது.

அப்பாவும் இல்லை. 2009 பெப்ரவரியில் ஒருநாள் காலை, விட்டுவிட்டு வந்த அரிசி மூட்டையை எடுத்து வருகிறேன் என்று இரணைப்பாலையிலிருந்து சுதந்திரபுரம் பக்கம் போனவர். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது 10 வயது.

வேலை தொடங்கிய பிறகு மின்வெட்டு தொடங்கிவிட்டது. முதலில் இரண்டு மூன்று மணித்தியாலம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம். பகல் வெளிச்சத்தில் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் எடுத்துப் பார்த்தேன். ஒரு முகில் கடந்து போனாலும் வெளிச்சம் மாறிவிடும். ஓடவிட்டுப் பார்த்தால் படம் கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு மின்னும். யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, மாறாத ஒரே விளக்கின் கீழ்தான் எடுக்க வேண்டும். விளக்குக்கு மின்சாரம் வேண்டும்.

பெரியம்மாவின் மகனுடைய மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் நின்றது. அதன் பற்றறியைக் கழற்றி எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றைப் பூட்டித் தந்தார். "தொண்ணூறுகளிலை நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டனாங்கள். ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். உங்களுக்கு இதென்ன புதுசே?" என்று அம்மா சிரித்தார். அவருக்கும் ஒரு கடைசி நாள் இருந்தது. ஏப்ரல் 14 புதுவருடம். அதற்கு முன் 11 பிளவுஸ் தைத்துக் கொடுக்க வேண்டும். மிதிக்கிற மெசினுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அம்மா மின்வெட்டைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

ஏப்ரல் 2ஆம் திகதி சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை வரை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி கொடுக்கவோ வாங்கவோ ஒருவரும் வரவில்லை. மத்தியானம் அம்மா தேத்தண்ணியோடு வந்து முதல் தடவையாக என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். அதுவரை எடுத்த 760 படங்களையும் கமெராவில் ஓடவிட்டுக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை.

"இது ஆர்?"

"அப்பா."

அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு சொன்னார்: "கொப்பர் அண்டைக்குச் சாரம் கட்டேல்லை. நீளக் களிசான் போட்டவர். மண்ணிறக் களிசான். அதோடை, இவ்வளவு வேகமா எங்கை போறார்? பாரச் சைக்கிளை மணலிலை தள்ளிப் பாத்தனியே? மூண்டு அடி வைச்சு, நிண்டு, மூச்சு விட்டுத்தான் தள்ளலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அப்பா என்றால் என் மனதில் எப்போதும் நீலக் கட்டம் போட்ட சாரத்தோடுதான் வருவார். படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அல்பமும் அந்தப் பங்கரோடு போனதுதான். 410 படங்களில் அப்பாவைச் சாரத்தோடு நடக்க விட்டிருக்கிறேன். கையில் இருப்பதோ நாலே நாள்.

"இதை ஏன் அம்மா முந்திச் சொல்லேல்லை?"

"சொல்லாமல் என்ன? நாலு இடத்திலை சொன்னனான். படிவத்திலை எழுதியும் குடுத்தனான். நீ கேக்கேல்லை."

உண்மைதான். 2010இலிருந்து எத்தனையோ ஆணைக்குழுக்கள், அலுவலகங்கள். காணாமற்போன அன்று என்ன உடுப்பு, உயரம் எவ்வளவு, அடையாளம் என்ன என்று அம்மாவிடம் கேட்டவர்கள் பலர். நான் வாசலில் அல்லது மரத்தடியில் காத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தால் அம்மா அழுவார் என்று பயந்து, நான் ஒன்றுமே கேட்டதில்லை. அம்மா அழக்கூடாது என்று நினைத்தேனா, நான் அழக்கூடாது என்று நினைத்தேனா, அது எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை.

அன்று கேட்டேன். அசைவூட்டத்துக்குத் தேவையான கேள்விகள் மிகச் சின்னக் கேள்விகள். எந்தக் கையால் ஹாண்டிலைப் பிடித்தார்? மற்றக் கை கரியரிலா சீற்றிலா? எந்தக் காலை முதலில் வைப்பார்? அம்மா ஒன்றுக்கும் அழவில்லை. எழுந்து நின்று நடந்தே காட்டினார். ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை பின்னுக்கு மெசினைப் பிடித்தபடி, தோள் ஒரு பக்கம் சரிந்து. ஏன் சாரம் கட்டவில்லை என்று கேட்டபோதுதான் அது வந்தது. வெளிக்கிடும்போது காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி அப்பா களிசான் பொக்கற்றுக்குள் வைத்தாராம். சாரத்தில் பொக்கற் இல்லை. இரணைப்பாலையிலிருந்து அரிசிக்குப் போன அன்றும் அதே களிசான்தான்.

மெனிக் பாமிலிருந்து வெளியே வந்த பிறகும் வருடக்கணக்காக எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றபோது அம்மா எத்தனை நாள் அலைந்து பிரதி எடுத்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவசரத்தில் வீட்டோடு விட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அப்பாவின் பொக்கற்றுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரவு படுத்தபடி கணக்குப் பார்த்தேன். திரும்ப எடுக்க 410. இன்னும் எடுக்காமல் இருப்பது 320. எல்லாமாக 730. அப்பாவை மெதுவாக நடக்கவிட்டால் ஒரு அடிக்கு 6 படம் போய் 9 படம் வேண்டும். அதற்குத் தொடக்கத்தில் இருக்கும் வீட்டுக் காட்சியைக் குறைக்க வேண்டும். புள்ளி போடுகிறவர்களுக்குச் சாரமும் ஒன்றுதான் களிசானும் ஒன்றுதான். அந்தப் பாதையில் எத்தனையோ ஆயிரம் ஆண்கள் சாரத்தோடுதானே நடந்தார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அம்மாவும் திரும்ப எடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கள் விடிய எழும்பிப் பார்த்தபோது மேசையில் மண்ணிறத் துணியில் ஒரு களிசான் கிடந்தது. ஐந்து அங்குல உருவத்துக்கு அளவாக, இரண்டு காலும் தனித்தனியாக, முழங்காலில் மடங்கக்கூடிய மாதிரி. பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு பொக்கற்றும் தைத்திருந்தது. 11 பிளவுஸ் கிடக்க, குப்பி விளக்கில் இருந்து இதைத் தைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கணக்குப் பார்க்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தேன். ஒருமுறை பற்றறி இறங்கி வெளிச்சம் மங்கியதைக் கவனிக்காமல் 60 படம் எடுத்து, அதையும் திரும்ப எடுத்தேன். அம்மா கதவடியில் மெசினைப் போட்டுக்கொண்டு தைத்தார். இடையிடையே நான் கூப்பிடுவேன், அவர் வந்து தோள் சரிவு காணாது என்பார், போவார்.

இசை சேர்க்க வேண்டும் என்று முதலில் திட்டம் போட்டிருந்தேன். அதற்கு நேரமே இல்லை. புதன் இரவு தொலைபேசியைக் கதவடியில் வைத்து அம்மா மிதிக்கும் சத்தத்தைப் பதிந்தேன். ஓடும், நிற்கும், துணியைத் திருப்புவார், மறுபடி ஓடும். அப்பாவின் நடையும் அப்படித்தான் இருந்தது, மூன்று அடியும் ஒரு நிற்பும். இது நான் யோசித்துச் செய்தது இல்லை. தானாகப் பொருந்தியது.

வியாழன் மத்தியானம் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டேன். டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்திருந்தன. பரந்தனில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, வந்த பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போனேன். சிநேகிதியின் மடிக்கணனியில் படங்களை ஒன்றாகச் சேர்த்தோம். மின்சாரம் வரும் போகும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து, விடியும்வரை இருந்தோம். வெள்ளி பிற்பகல் 3 மணி 20 நிமிடத்துக்குப் படத்தைக் கொடுத்துவிட்டேன். ஒலி போதாது என்று புள்ளி குறைத்தார்கள். அதில் எனக்குப் பெரிய மனவருத்தம் இல்லை. உண்மையில் ஒலி போதாதுதான்.

புதுவருடத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். 11 பிளவுஸும் கொடுத்தாகிவிட்டது. அம்மா முகம் கழுவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் படத்தைப் பார்த்தார். 90 விநாடி. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை முடிந்த பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி. நீ எங்கை?"

நான் படத்தில் இல்லை. மெசின், அப்பா, பின்னால் பையோடு அம்மா. என்னை வைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அந்த நடையில் எனக்குப் புழுதியும் தாகமும்தான் ஞாபகம்.

"நீ சைக்கிளுக்குப் பக்கத்திலைதான் வந்தனி. சனத்துக்குள்ளை துலைஞ்சு போவாய் எண்டு கொப்பர் உன்ரை கையைக் கரியரோடை சேத்துத் துவாயாலை கட்டினவர். விசுவமடு வரைக்கும் அவிழ்க்கேல்லை."

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எந்தக் கை அம்மா?"

அம்மா தொலைபேசியை மெசின் மேல் வைத்துவிட்டு எழுந்து, சைக்கிள் எந்தப் பக்கம், அப்பா எந்தப் பக்கம் என்று கையால் காற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"இடக் கை" என்றார்.