எல்லாமே சொறிமுட்டை இல்லை

கல்லடிக் கடற்கரையில் வழுவழுப்பாய் எது ஒதுங்கினாலும் எங்கட வாயில் வருவது ஒரே பேர்தான்: சொறிமுட்டை. ஆனால் நீலப் பலூன் மாதிரி மிதக்கிற பைசேலியா உண்மையான சொறிமுட்டை இல்லை. பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழ்கிற கூட்டம் அது. செத்துக் கரையொதுங்கின பிறகும் அதின்ர இழைகள் கொட்டும். பலூன் எண்டு தூக்குகிற சின்னப்பிள்ளைக்கு இது தெரியாது.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர், நுணுக்குக்காட்டி எங்களிட்ட இல்லை. போன் இருக்கு. தொடாமல் படம் எடுத்து, திகதி, இடம், காற்றுத்திசை எழுதி வைக்கிறோம். பைசேலியா காத்து தள்ளுகிற பக்கம்தான் போகும். மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் வாவிக்குள்ள என்ன வருகுது எண்டு கரைவலை இழுக்கிற மாமாமாரிட்டக் கேக்கிறோம். பாடும் மீனுக்குப் பேர்போன ஊர் இது. பாடாமல் கொட்டுறதுகளுக்கும் தமிழில் தனித்தனிப் பேர் வேணும்.